வலமிருந்து இடமாக

ஜனவரி 6

டீச்சருக்கு,

போனில் என் நம்பரைப் பார்த்தால் நீ எடுப்பதில்லை. மூன்று வருஷமாகிறது. அனுப்புபவர் பெயர் எழுதாமல் கடிதம் போட்டால் பிரித்தாவது பார்ப்பாய் என்று உன் அம்மாதான் யோசனை சொன்னாள். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்துவிடும், கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்றும் அவளே சொன்னாள்.

இங்கே எல்லாரும் நலம். குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம் அதே டயர் கிடங்கின் மாடியில்தான். மழை பெய்தால் மேடையின் ஒரு மூலை ஒழுகுகிறது. அந்த மூலையில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதாலேயே எல்லாருடைய கால் அசைவும் தேறிவிட்டது. கூரையைச் சரிசெய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

என்னிடம் ஒருவன் இருக்கிறான். நூற்றுப் பன்னிரண்டு கிலோ. வாசலில் வந்து நின்றால் உள்ளே வெளிச்சம் வராது. அலமாரி என்று கூப்பிடுகிறோம். பகலில் கடைக்காரர்களுக்காகக் குளிர்சாதனப் பெட்டிகளை மாடி ஏற்றுகிறான், சாயங்காலம் என்னிடம் வருகிறான். எட்டு வருஷம் ஒரு நாள் தவறியதில்லை. பிப்ரவரி 21 அன்று அவனுக்கு ஹெவிவெயிட் பட்டத்துக்கான சண்டை. நான் பதினாலு வருஷம் ஆடினேன், முப்பத்தோரு சண்டை, இருபத்தாறு வெற்றி. அந்த மேடையில் என்னால் கால் வைக்க முடியவில்லை. ஒரு படி கீழேயே நின்றுவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரி 10 அன்று சங்கத்து டாக்டர் பரிசோதனை. பையனுக்கு இடது கண்ணில் தூசி விழுந்த மாதிரி இருக்கிறதாம். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் சங்கம் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது, கண் பார்க்கிற பலகையும் புதிது. E எழுத்து மாதிரி அதே மூன்று கால் படம்தான், வரிசை மட்டும் வேறு. எந்தப் பலகைக்கு எந்த வரிசை என்று உன்னை மாதிரி கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும் என்கிறார்கள். ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பு, போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். நமக்குப் பழகிய வேலைதானே.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள்.

அப்பா


ஜனவரி 13

அப்பா,

கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்தது. இரண்டு நாள் இழுப்பறையில் வைத்திருந்துவிட்டுப் பிரித்தேன்.

என்னை டீச்சர் என்று அழைக்க வேண்டாம். வரிசையை அனுப்ப மாட்டேன்.

இந்த இரண்டோடு கடிதத்தை முடித்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று நீங்கள் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அதனால் கேட்காமலே சொல்கிறேன்.

உங்களுக்குச் சிறந்த பயிற்சியாளர் விருது கொடுத்த விழா. ஒலிபெருக்கியை வாங்கி நீங்கள் பேசியது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "இடது கண்ணு மங்கிப்போச்சு. பரிசோதனைக்கு அஞ்சு நாள்தான் இருக்கு. என் பொண்ணுக்கு அப்ப பதினோரு வயசு. என்கூடச் சங்கத்துக்கு வந்தவ, நான் யார்கிட்டயோ பேசிட்டிருந்த நேரத்துல பலகையைப் பூரா நோட்டுல வரைஞ்சுட்டா. படத்தோட கால் இடது பக்கம் நீட்டிட்டிருந்தா இடது கைக் குத்து. வலது பக்கம்னா வலது. மேலேன்னா தாடைக்கு. கீழேன்னா குனியணும். சமையலறையில ரெண்டு தட்டைப் பிடிச்சுக்கிட்டு என்னை அடிக்க வச்சே மனப்பாடம் பண்ண வச்சுட்டா. டாக்டர் சந்தேகப்பட்டு வலமிருந்து இடமாச் சொல்லுங்கன்னார். அதையும் சொல்லிக் குடுத்திருந்தாங்க என் டீச்சர். எந்திரிம்மா, எல்லாரும் பார்க்கட்டும்."

நானூறு பேர் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். கையில் பாதி சாப்பிட்ட கேக் இருந்தது, அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டேன்.

கதையை எப்போதும் அந்த இடத்திலேயே முடித்துவிடுகிறீர்கள். பன்னிரண்டு நாள் கழித்து நடந்ததை யாரும் கேட்பதில்லை. நான்காவது ரவுண்டில் உங்கள் இடது பக்கமாக ஒரு குத்து வந்தது. அரங்கில் இருந்த எல்லாரும் அதைப் பார்த்தார்கள். நீங்கள் தலையைக்கூடத் திருப்பவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கண்ணில் வெளிச்சமும் இல்லை.

ஒரே ஒரு கேள்வி. அவர் தண்ணீர் ஊற்றும்போது ஜாடியின் மூக்கை டம்ளர் விளிம்பில் முட்ட வைத்து ஊற்றுகிறாரா, நீங்கள் ஊற்றுவது போல? ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது.

சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.


ஜனவரி 19

மகளுக்கு,

டீச்சர் என்று எழுதவில்லை. திருப்தியா.

பிள்ளைகளைச் சபையில் திட்டுகிற அப்பாக்களை எனக்குத் தெரியும். பெருமையாகப் பேசினதற்குக் கோபித்துக்கொண்டு மூன்று வருஷம் வீட்டுப் பக்கம் வராத பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன். உன் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்: "அவளுக்கு உங்க பெருமை மேல கோபம் இல்லங்க. உங்க கதை மேல." இரண்டும் ஒன்றுதானே என்றேன். மடித்த துணியை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீ கேட்டதைப் பார்த்தேன். பயிற்சி முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது ஜாடியையும் டம்ளரையும் அலமாரி முன்னால் வைத்தேன். முட்ட வைத்துத்தான் ஊற்றினான்.

"ஏண்டா, டம்ளர் எந்திரிச்சு ஓடிடும்னா முட்டுக் குடுக்குற?"

"நீங்க இப்படித்தானே ஊத்துவீங்க மாஸ்டர். பார்த்துப் பார்த்து ஒட்டிக்கிச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். பிறகு சும்மா போகிற மாதிரி அவன் இடது பக்கம் போய் நின்று, கையுறையை அவன் கண்ணோரமாக ஒரு முழ தூரத்தில் நீட்டினேன். பேசவில்லை. மனதுக்குள் எட்டு வரை எண்ணினேன். எதிரில் இருந்தவனிடம் ஏதோ கிண்டல் பேசிக்கொண்டிருந்தான். எட்டுக்கு மேல் எண்ண எனக்குப் பிடிக்கவில்லை, கையுறையைக் கீழே வைத்துவிட்டேன்.

சரி, நீ சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவனுக்கு இருபத்தொன்பது வயது. நம்முடைய எடையில் இன்னொரு வாய்ப்பு வர மூன்று வருஷமாகும், அதுவும் வந்தால்தான். ஒரே ஒரு சண்டை. முடிந்த மறுநாள் நானே உன்னிடம் கூட்டிவருகிறேன். வரிசையை மட்டும் அனுப்பு.

அப்பா


ஜனவரி 25

அப்பா,

கண்ணுக்குள் பின்பக்கச் சுவரில் ஒரு மெல்லிய திரை ஒட்டியிருக்கிறது. நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது. தலையில் அடி வாங்குகிறவர்களுக்கு அது ஓரத்தில் கிழியும். முதலில் தூசி பறப்பது போலத் தெரியும், பிறகு ஒரு பக்கமாக நிழல் ஏறும். ஈரச் சுவரில் ஒட்டிய காகிதம் உரிந்துகொண்டு வருவது போல. உரிந்தது பாதியில் இருந்தால் ஒட்டலாம், மீதிப் பார்வையையாவது காப்பாற்றலாம். முழுதாக உரிந்து நாளாகிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. அப்படி முழுதாக உரிய ஒரு குத்து போதும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

நீங்கள் நீட்டிய கையுறையை அவர் பார்க்கவில்லை என்றால் நிழல் ஏற்கெனவே பாதி ஏறிவிட்டது. பிப்ரவரி 10 வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

இனி எழுதப்போவது வேறு. இதை அம்மாவிடம் படித்துக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம்.

உங்கள் கதையில் வராத ஒரு சாயங்காலம் இருக்கிறது. பலகையை நீங்கள் இடமிருந்து வலமாக நன்றாகவே சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். எனக்கு விளையாட்டாக இருந்தது. "உண்மையாவே எவ்வளவு தெரியுதுன்னு பார்ப்போம்" என்று உங்கள் வலது கண்ணை டம்ளரால் மூடினேன். எத்தனை விரல் என்று கேட்டேன். கேட்டுவிட்டு, ஏனோ தெரியவில்லை, கையை நீட்டவே இல்லை. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். நீங்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு "ரெண்டு" என்றீர்கள்.

கண் மங்கலாக இல்லை, சுத்தமாகவே தெரியவில்லை என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அம்மா பக்கத்து அறையில்தான் இருந்தாள். ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. சங்கத்தில் டாக்டர் யாரோ ஒரு வீரரை வலமிருந்து இடமாகவும் சொல்லச் சொன்னதைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. மறுநாள் அதையும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். உங்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தைவிட, நீங்கள் மாட்டிக்கொண்டு எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நிற்பீர்கள் என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. நான் அதைச் சொல்லிக்கொடுக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு டாக்டர் உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

அதற்காகத்தான் அந்த நானூறு பேர் கைதட்டினார்கள். அது அந்த அரங்கில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது ஒரு நாளைக்கு நாற்பது பேரின் கண்ணை மூடித் திறக்கிறேன். பார்த்துச் சொல்கிறவர்கள் தயங்குவார்கள், கண்ணைச் சுருக்குவார்கள், மாற்றிச் சொல்வார்கள். மனப்பாடம் செய்தவர்கள் தயங்குவதே இல்லை. அப்படி யாராவது கடகடவென்று சொன்னால் பலகையை மாற்றி மறுபடி கேட்கிறேன்.

அவரைக் கூட்டிவாருங்கள்.


பிப்ரவரி 2

மகளுக்கு,

உன் கடிதத்தின் இரண்டாம் பகுதிக்கு இப்போது என்னால் பதில் எழுத முடியாது. மூன்று தரம் உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

முதல் பகுதியை அலமாரியிடம் சொன்னேன். ஈரச் சுவர், காகிதம் எல்லாம் நீ எழுதியபடியே. ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வரிசையும் நமக்குக் கிடைக்காது என்றேன். சிரித்தான்.

"அதெல்லாம் முடிஞ்சுபோச்சு மாஸ்டர். போன வாரம் நம்ம மிடில்வெயிட்காரனுக்குத் துணையாச் சங்கத்துக்குப் போனேன்ல, பலகையைப் போன்ல படம் எடுத்துட்டேன்."

மேடைக்கு நடுவில் நின்று கைகளைத் தூக்கினான். இடது, குனி, வலது, வலது, மேலே, இடது, குனி. எட்டு வரி. பிறகு வலமிருந்து இடமாகவும். நூற்றுப் பன்னிரண்டு கிலோ அவ்வளவு அழகாக அசைந்து நான் பார்த்ததில்லை.

"யாருடா சொல்லிக் குடுத்தது?"

"உங்க கதைதான் மாஸ்டர். வாரத்துக்கு ஒருக்கா சொல்றீங்களே."

அவன் மனைவி சண்டைக்கு அங்கி தைத்து முடித்துவிட்டாள். முதுகில் அலமாரி என்றே எழுதி, கீழே இரண்டு கதவுப் பிடியும் வைத்துத் தைத்திருக்கிறாள். ஊரே பார்த்துச் சிரித்தாயிற்று.

கையைக் காலைக் கட்டியா கூட்டிவர முடியும்? காட்டிக்கொடுக்கவும் என்னால் ஆகாது. மணி அடித்துத் திரும்பும்போதெல்லாம் மூலையில் நான் இருப்பேன் என்று எட்டு வருஷமாக அவனிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு சண்டை. நடப்பது நடக்கட்டும்.

அப்பா


பிப்ரவரி 5

அப்பா,

இத்துடன் ஓர் அட்டை இருக்கிறது. அதே மூன்று கால் படம், ஒன்றே ஒன்று. சாப்பாட்டுத் தட்டை வைத்து வட்டமாக வெட்டினேன். கையில் பிடித்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். இதற்கு வரிசை கிடையாது.

இதைப் பயன்படுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் உங்கள் மாணவர், முடிவும் உங்களுடையது. போன தடவை முடிவு பதினோரு வயதுக்காரி ஒருத்தியின் கையில் இருந்தது. இந்தத் தடவை ஐம்பது வயதுக்காரர் ஒருவரிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.


பிப்ரவரி 12

மகளுக்கு,

உன் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். எடுக்கக் கூடாது என்ற முடிவோடுதான் போனேன். அப்புறம் எதற்கு எடுத்துப்போனீர்கள் என்று உன் அம்மா கேட்டாள். நீயும் அதைத்தான் கேட்பாய்.

டாக்டர் ஓர் அம்மா, உன்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். எடை, ரத்த அழுத்தம், எல்லாம் சரி. பிறகு பலகை. வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஆரம்பித்தான். அவன் தோளை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் தோள் முதலில் ஒரு துளி அசைந்தது, அப்புறம்தான் கை காட்டியது. பலகையை அவன் கண்ணால் படிக்கவில்லை, தோளால் படித்தான். வேறு யாருக்கும் அது தெரியாது. அந்த அம்மா நல்ல டாக்டர், வலமிருந்து இடமாகவும் சொல்லச் சொன்னார். அதையும் சொன்னான்.

முடித்துவிட்டுக் கண்ணிலிருந்து கையை எடுத்து என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பெருமையாக. விழா மேடையில் ஒலிபெருக்கியோடு நின்று உன்னைப் பார்த்து நான் சிரித்தது இந்தச் சிரிப்புதான். அது எப்படி இருக்கும் என்று எதிரில் உட்கார்ந்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார். "அம்மா, இதை ஒரு தடவை காட்டுங்க" என்று அட்டையை மேசைமேல் வைத்தேன். அலமாரி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

வலது கண்ணை மறுபடி மூடச் சொல்லி இரண்டடி தூரத்தில் பிடித்தார். இடது என்றான். திருப்பினார். இடது என்றான். மறுபடி திருப்பினார், மேலே என்றான். எதுவும் சரியில்லை. நான்காவது தடவை அவர் அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு வெறுங்கையை அவன் முன்னால் நீட்டினார். "வலது" என்றான். அவர் எழுத ஆரம்பித்தார்.

வெளியே வந்து "நீங்களா மாஸ்டர்" என்றான். அவ்வளவுதான். பஸ் நிறுத்தத்துக்குத் தனியாக நடந்துபோனான். கூடத்தில் மற்றவர்கள் பயிற்சி செய்கிறார்கள், என்னிடம் பேசுவதில்லை. நான் எண்ணினால் அடிக்கிறார்கள், நிறுத்தினால் நிறுத்துகிறார்கள். அவன் மனைவி நேற்று வந்தாள். திட்டத்தான் வந்திருப்பாள் என்று நினைத்தேன். உன் ஆஸ்பத்திரி விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு போனாள். 15ஆம் தேதி வருவார்கள். கேள்வி கேட்டால் முறைப்பான், பொறுத்திரு, பிறகு பதில் சொல்வான்.

இப்போது உன் இரண்டாம் பகுதி.

அன்று நீ கையை நீட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். உன் கையில் எப்போதும் ஒரு பாசிமணிக் கயிறு கட்டியிருப்பாய். கையைத் தூக்கினால் சலசலக்கும். அன்று சத்தம் வரவில்லை. விரலே இல்லை என்று தெரிந்துதான் ரெண்டு என்றேன். ஒன்றும் தெரியலம்மா என்று உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் நீ வந்து வலமிருந்து இடமாகக் கேட்டபோது உன் முகத்தைப் பார்த்தேன். உனக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. புரிந்த பிறகும் தட்டைப் பிடிக்கச் சொல்லி அடித்தேன்.

நீ சொல்லிக்கொடுத்தாய், நீ சொல்லிக்கொடுத்தாய் என்று பதினேழு வருஷம் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அது பெருமை என்று நானே நம்பிவிட்டேன். என் தலையில் இருந்த பாரத்தில் பாதியை உன் தலையில் வைத்திருக்கிறேன், வேறொன்றும் இல்லை. அதில் உன் பங்கு என்று எதுவும் கிடையாது. கற்றுக்கொண்டவன் நான். மேடை ஏறியவன் நான். பக்கத்து அறையில் உன் அம்மா இருந்தது எனக்கும்தான் தெரியும்.

நேற்று கூடத்தில் கதையைக் கடைசிவரை சொன்னேன். நான்காவது ரவுண்டு வரைக்கும். யாரும் கைதட்டவில்லை.

அப்பா


பிப்ரவரி 20

அப்பா,

17ஆம் தேதி அறுவைச் சிகிச்சை முடிந்தது. கட்டில் போதாமல் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, போகிற வருகிற நர்ஸெல்லாம் இடித்துக்கொள்கிறார்கள். திரை பாதிக்குமேல் உரிந்திருந்தது. ஒட்டியிருக்கிறார்கள். எவ்வளவு திரும்பும் என்று ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். இனி மேடை ஏற முடியாது என்று டாக்டர் சொன்னபோது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கியை அவர் மனைவி பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார், ஏன் என்று நான் கேட்கவில்லை.

முதல் நாள் நான் எது கேட்டாலும் முறைத்தார். நேற்றுக் கண்ணில் போட்ட கட்டை மாற்றும்போது, "நீங்கதான் அந்த டீச்சரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவரே ஜாடியை எடுத்து டம்ளர் விளிம்பில் முட்ட வைத்து ஊற்றிக்கொண்டார். "பாருங்க, இதையும் மாஸ்டர் மாதிரியேதான் செய்யறேன்" என்றார். திட்டுவது போலத்தான் சொன்னார். ஆனால் மாஸ்டர் என்றுதான் சொன்னார்.

உங்கள் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். பாசிமணிக் கயிறு எனக்கு மறந்தே போயிருந்தது. பதில் எழுத எனக்கும் கொஞ்ச நாள் வேண்டும், நீங்கள் எடுத்துக்கொண்டது போல.

அதற்குமுன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வலது கண்ணை யாரும் சோதித்துப் பத்து வருஷமாவது இருக்கும். உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். மார்ச் 3, காலை பத்து மணிக்கு என் பெயரில் பதிந்திருக்கிறேன். மருந்து விட்டால் நான்கு மணி நேரம் மங்கலாக இருக்கும், அதனால் அம்மாவும் உடன் வர வேண்டும். மதியம் என் அறையில் சாப்பிடலாம். நான் சாப்பிடுவதை அம்மா நேரிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் பலகை வேறு. வரிசை உங்களுக்குத் தெரியாது. யாரிடமும் கேட்டுப் படித்துவிட்டு வர வேண்டாம்.

டீச்சர்